பால்தினியின் தங்கம் அதிர்ஷ்டத்தில் வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் முதலில் ஓடிக்கொண்டிருந்த பிரேசில் வீரர் டி லிமாவை யாரோ தள்ளிவிட்டதால் இத்தாலியின் ஸ்டெஃபானோ பால்தினிக்கு 'அதிர்ஷ்டத்தில் தங்கம் கிடைத்தது' என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

டி லிமாவுக்கு நடந்தது அநியாயம்தான், அதை யார் மறுப்பார்கள்? ஆனால் 35 கிலோமீட்டர் அருகே அந்த ஆள் குறுக்கே பாய்வதற்கு முன்பே பால்தினி இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பால்தினி முடித்த நேரம் 2:10:55, டி லிமா 2:12:11. நானும் மாரத்தான் ஓடுகிறவன். 30 கிலோமீட்டர் தாண்டியபின் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நொடி குறைப்பதற்கே உயிர் போகும். மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை, பாதி வழிக்கு மேல் ஏறிக்கொண்டே போகும் அந்தச் சாலையில், ஆகஸ்ட் வெயில் காலத்தில், உலக சாதனை வைத்திருந்த பால் டெர்காட்டையும் பின்னால் விட்டு வந்தவரை அதிர்ஷ்டசாலி என்கிறீர்கள்.

அவர் ஒருநாள் வந்து போனவரா? 1998-இல் புடாபெஸ்டிலும் 2006-இல் கோதன்பர்க்கிலும் ஐரோப்பிய சாம்பியன், 2001, 2003 உலகப் போட்டிகளில் வெண்கலம். 1997 லண்டன் மாரத்தானில் இரண்டே நொடியில் முதலிடத்தை இழந்தவர், அதே லண்டனில் 2006-இல், 35 வயதை நெருங்கும்போது, தன் வாழ்நாளின் சிறந்த நேரமான 2:07:22 ஓடினார். இதில் ஒன்றுகூட அந்தக் கட்டுரையில் இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. இத்தாலி மாரத்தான் என்றாலே 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தள்ளாடி விழுந்த பியெத்ரியின் படம்தான் தங்கள் பக்கத்தில் வருகிறது, 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கமும் 1990-இல் பாஸ்டன் மாரத்தானும் வென்ற ஜெலிண்டோ போர்டினின் பெயரைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. ஒரு தடவை மாரத்தான் தூரம் 26 கிலோமீட்டர் என்று அச்சாகியிருந்தது. 42.195 என்று எழுதி அனுப்பினேன், திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. கிரிக்கெட்டில் ஒரு ரன் தப்பாகப் போனால் மறுநாளே திருத்துகிறீர்களே, அந்த அக்கறையில் கொஞ்சம் ஓடுகிறவர்களுக்கும் கிடைக்கக் கூடாதா?

இந்த வாரம் இடம் இருந்தால் ஏதென்ஸில் பால்தினியும் டி லிமாவும் முடித்த அந்த இரண்டு நேரங்களையும் ஒரு திருத்தமாகப் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்