குருத்து தின்ற ஞாயிற்றுக்கிழமை

வேதாரண்யம்
17.12.2018, திங்கள் இரவு

அன்புள்ள ஜமீன்,

உன் கிரகப்பிரவேசத்துக்கு வராதவன் எழுதுகிற கடிதம் இது. கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம்தான். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், எனக்குத் தெரியாதா? தங்கச்சி சௌக்கியமா? பால் நன்றாகப் பொங்கியதா? நம்ம கோழிப் பயல் வழக்கம்போல் பந்தியில் சண்டை இழுத்தானா? எல்லாம் விவரமாக எழுது.

நான் இங்கே வந்து பதினெட்டு நாள் ஆகிறது. "ஆணி அடிக்கத் தெரியாத நீ அங்கே போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறாய்" என்று கேட்டாய் அல்லவா? இப்போது மரம் அறுக்கிறேன். கஜா புயல் சாய்த்த தென்னைகளைத் துண்டு போட்டு ஓரம் சேர்ப்பதுதான் எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை. தென்னை பார்க்கத்தான் சாது. நாரும் மண்ணுமாக பவர் சா ரம்பத்தின் செயினைத் தின்றுவிடும். தூள் செதில் செதிலாக விழுந்தால் சரி. மாவாக விழ ஆரம்பித்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்து பல் பல்லாக அரம் போட வேண்டும். விழுந்த மரம் எங்கே ஓடிவிடப் போகிறது, என்ன அவசரம் என்றுதான் நானும் நினைத்தேன். அழுகுகிற மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகுமாம். பெருகினால் புயலுக்குத் தப்பி நிற்கிற நாலு மரத்தின் குருத்தையும் துளைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருந்த இரண்டு செயினும் அறுந்தன. புதிது திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். "ரெண்டு நாளைக்கு எவனும் தோப்புப் பக்கம் தலை காட்டக் கூடாது" என்று எங்கள் தலைவர் உத்தரவு போட்டுவிட்டார். சனிக்கிழமை முழுக்கத் தூங்கினேன். தங்கியிருப்பது கல்யாண மண்டபம். எனக்குக் கிடைத்த இடம் மணமேடை. இந்த ஜென்மத்தில் மணமேடை ஏறிவிட்டேன் என்று அம்மாவிடம் உளறி வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிவிஎஸ் எக்ஸெல்லை இரவல் வாங்கிக்கொண்டு நாலு பேர் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். அகஸ்தியன்பள்ளி உப்புச் சத்தியாகிரகத் தூண் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்; நமக்கோ வண்டியில் வந்தே இடுப்பு விட்டுப்போகிறது. உப்பளங்கள் முழுக்கக் கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு. தூரத்துத் தண்ணீரில் வெள்ளையாக ஒரு கூட்டம் நின்றது. பூநாரை என்று ஒருவன் சாதித்தான், கொக்கு என்று நான் சாதித்தேன். டீ வரும்வரை அந்தச் சண்டைதான்.

சரணாலயத்துக்குள் விடவில்லை. போய்ப் பார்க்கவும் மனசில்லை. அந்தக் காட்டு மான்களும் குதிரைகளும் புயலில் எத்தனையோ செத்துப்போயின. கரையில் படகுகளை மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பெய்ட்டி என்று அடுத்த புயல் கடலில் இருந்தது, யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு. டீக்கடையில் அதே பேச்சுதான். ஆனாலும் ஜமீன், உன்னிடம் மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் ஒன்றுமே யோசிக்கவில்லை. வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

திரும்பும்போது நாங்கள் வேலை பார்க்கிற தோப்புக்காரர் வழிமறித்துவிட்டார். எழுபது வயசிருக்கும். "தோப்புக்குத்தானே வரக் கூடாது தம்பி, வீட்டுக்கு வாங்க." மீன் கிடையாது, கருவாட்டுக் குழம்பு. அவர் வீட்டம்மா ஊற்றிக்கொண்டே இருந்தார், நானும் போதும் என்று சொல்லவில்லை. அப்புறம் பெரியவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பாதி வேர் மண்ணைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்த ஒரு மரம். உச்சி மட்டும் இன்னும் பச்சை. மூத்த மகள் பிறந்த வருஷம் வைத்த கன்றாம். மட்டைகளைக் கழித்து, பன்னாடையை உரித்து, ஒவ்வொரு சுற்றாகச் சீவச்சீவ உள்ளே இருந்து வெள்ளை வெளேரென்று குருத்து வந்தது. வட்டம் வட்டமாக நறுக்கி வாழை இலையில் வைத்தார்.

நீ தின்றிருக்கிறாயா? இளம் வழுக்கையைவிட இனிப்பு, கடித்தால் நறுக்கென்கிறது. நாலு துண்டு தின்றுவிட்டு ஐந்தாவதற்குக் கை நீட்டினேன். அவர் மட்டும் ஒன்றும் எடுக்கவில்லை. "எழுபத்தேழாம் வருஷப் புயல்ல தின்னது, தம்பி. அதுக்கப்புறம் இப்பதான் இந்த வீட்டுல குருத்து" என்றார். மரம் செத்தால்தானே குருத்து! அது என் மண்டையில் உறைக்க ஐந்து துண்டு ஆகியிருக்கிறது. வாயில் போட்டதைத் துப்பவும் முடியவில்லை. மென்றேன். அப்போதும் இனிப்பாகத்தான் இருந்தது. அதுதான்டா நேற்றிலிருந்து என்னை அரிக்கிறது. மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்திருக்கிறது. நெட்டைக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம். கணக்கை அவரே சொல்லிவிட்டு, தன் வயசையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

புயல் ஆந்திராப் பக்கம் திரும்பிவிட்டது என்று அதற்குள் போனில் செய்தி வந்தது. "அப்பாடா" என்றார் வீட்டம்மா. "அங்க மட்டும் என்ன, தென்னை இல்லையா?" என்று பெரியவர் ஒரு அதட்டல் போட்டார். நானும் உள்ளுக்குள் அப்பாடா சொன்னவன்தான், தலையைக் குனிந்துகொண்டேன். இன்று மத்தியானம் அங்கே கரையைக் கடந்துவிட்டதாம்.

இன்று காலை செயின் வந்தது. அவர் வீட்டுக் கொல்லை மரத்தைத்தான் முதலில் அறுத்தோம். புதுச் செயின், செதில் செதிலாக விழுந்தது.

பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுவேன். அதற்குள் நல்ல உருண்டை அரம் நாலு வாங்கி அனுப்பு, இங்கே கிடைப்பது இரண்டு நாளில் வழுக்கிவிடுகிறது. பணம் கேட்காதே, கோழி எனக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொள். புது வீட்டுக்கு என்ன வேண்டும் என்று தங்கச்சியைக் கேட்டு எழுது. தேங்காயை மட்டும் கேட்டுவிடாதே.

உன்,
பல்லி