கயிறு வாங்க ஒரு விண்ணப்பம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன. முதலாவது பொங்கலுக்கு வந்தது. பதில் போடாததற்கு முழங்கால் வலி, விடைத்தாள் திருத்தம், மகளின் பிரசவம் என்று மூன்று காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் வரிசையாக அடுக்கினாலும் எட்டு மாதம் வரவில்லை. ஆகவே மன்னிப்பை நேராகவே கேட்டுவிடுகிறேன். நீ கொடுக்க மாட்டாய் என்பதும் தெரியும். சைக்கிள் பெல் விஷயத்தையே நீ இன்னும் விடவில்லை.

பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். வீட்டில் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். டீக்கடை நாயர் கடையை மூடிவிட்டு மகனோடு திருச்சூர் போய்விட்டார். உன் கணக்கில் பதினேழு ரூபாய் பாக்கி என்று போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனார். குசலம் முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ஐந்து லட்சம் ரூபாய் தருகிறோம் என்றார்கள். வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகியவன் நீ. பணம் கொடுக்கிறவர்களின் மனசு உனக்குத்தான் புரியும். அதனால்தான் இந்தக் கடிதம். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். பள்ளியில் என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பு என் தலையில் இருப்பது உனக்குத் தெரியும். பிளஸ் ஒன்னில் அதில் சேர்கிற பிள்ளைகள் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் ஊர்ப்பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் ஒன்றும் உண்டு. வழக்கமாக முகாமில் சாலையோரம் புல் செதுக்குவோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்போம், கடைசி நாள் கலை நிகழ்ச்சியோடு கலைவோம். இரண்டு வருடம் முன்பு முகாமில் ஒரு பெண் கேட்டாள்: “சார், வீட்டுக்கு வீடு கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்கிறார்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது?” எனக்குத் தெரியவில்லை. பஞ்சாயத்தில் கேட்டோம், அங்கும் தெரியவில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும் என்பதைக் கொழிஞ்சாம்பாறையில் டீ ஆற்றுகிறவரும் சொல்வார். தன் வீட்டுக் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் என்று கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நைலான் கயிறு வாங்கினோம். மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி. நுனியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கட்டினோம். அடியில் ஓட்டை போட்டது உன் பழைய சிஷ்யன், லேத்துக்காரன். கயிற்றை இறக்கிக்கொண்டே போனால், கவிழ்ந்த டம்ளர் தண்ணீரைத் தொடுகிற நொடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக முப்பத்தெட்டு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீ பார்க்க வேண்டும் மாப்பிள்ளை. வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத அமைதி! சத்தம் கேட்டதும் அந்தப் பெண் கயிற்றைக் கைப்பிடிச் சுவரோடு அழுத்திப் பிடிப்பாள், இன்னொருவன் முடிச்சு எண்ணுவான், மூன்றாமவன் நோட்டில் எழுதுவான். எழுதிய அளவைக் கிணற்றுச் சுவரிலேயே தேதியோடு பெயின்டால் போட்டுவிடுவோம். நோட்டின் வலது பக்கம் காலியாக இருக்கும். அன்றைக்கு என்ன பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள், ஏன் இந்தக் கிணறு மட்டும் இறங்கவில்லை என்று அங்கே எழுத வேண்டும். ஒரு பாட்டி, “என் மாமியார் காலத்தில் படிக்கட்டில் இறங்கி மொண்டோம்” என்று சொன்னதும் அதில் இருக்கிறது.

இப்போது நாற்பத்தொரு கிணறுகள். அதில் ஆறு ஓடைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். செலவுக்குப் பணம் தேடியபோது அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது.

உன் மகள் அமெரிக்காவிலிருந்து பரிசு, நிதியுதவி என்று ஒரு நீளமான பட்டியல் அனுப்பினாளே, ‘மாமா, இதற்கெல்லாம் எழுதிப் போடுங்கள்’ என்று. தங்கமான பெண், உன்னைக் கொள்ளாமல் பிறந்திருக்கிறாள். இந்த மாதிரி வேலைக்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது, சேவைவழிக் கற்றல் என்று சொல்லலாம். 1967இல் இராபர்ட் சிக்மன், வில்லியம் இராம்சே என்று இரண்டு பேர் வைத்த பெயராம். ஊருக்கு வேலை செய்வது மட்டும் போதாது, செய்ததை யோசித்து எழுதவும் வேண்டும் என்பது அதன் சாரம். நம் நோட்டின் வலது பக்கம்தான்! தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறோம் என்று ஒரு நாள் முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்தேன். ஆனால் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், ஊருக்கு உழைக்கிற பிள்ளைகளுக்கான பாரன் பரிசு எட்டிலிருந்து பதினெட்டு வயது வரை, வருடத்துக்கு இருபத்தைந்து பேர், ஆனால் அமெரிக்காவிலோ கனடாவிலோ வசிக்க வேண்டும். அவர்கள் அரசாங்கமே பள்ளிகளுக்கு இதற்கென்று கொடுத்துவந்த நிதியை 2011இல் நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் வாத்தியார்கள் ரசீதோடு அலைகிறார்கள் போலிருக்கிறது. அப்படியே வெளிநாட்டுக்காரர் யாராவது மனமிரங்கினாலும் பணம் இங்கே சுலபமாக வந்துவிடாது. வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. சங்கத்துக்குப் பதிவு வேண்டும், டெல்லியில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஒரு டம்ளருக்கும் கயிற்றுக்கும் டெல்லியில் கணக்கு!

சரி, உள்நாட்டைப் பார்ப்போம் என்றால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது இருக்கிறது. பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயது வரை, சுதந்திர தினத்தன்று கொடுக்கிறார்கள். வயது பொருந்துகிறது, வேலை பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்து வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும். என் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள், தமிழில் சண்டை போடுகிறார்கள், வீடு மட்டும் ஓடைக்கு இந்தப் பக்கம். என் அப்பா பிறந்தபோது கேரள மாநிலம் என்று ஒன்றே கிடையாது. 1956 நவம்பர் ஒன்றாம் தேதிதான் இது கேரளமானது. அதற்கு இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கேரள இளைஞர் நல வாரியத்துக்கும் விருது உண்டு, ஆனால் பதினெட்டு வயது ஆக வேண்டும். இவர்களுக்குப் பதினாறு, பதினேழு. தேசிய இளைஞர் விருதுக்குப் பதினைந்து முடிந்தால் போதும் என்பதால் அந்தப் படிவத்தை மட்டும் வகுப்பில் வாசித்தேன். தனிநபர் என்றால் யாராவது ஒருவர் பெயர் எழுத வேண்டும், யார் பெயரை எழுதலாம் என்று கேட்டேன். அரை நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண், “சார், கயிற்றின் பெயரை எழுதுங்கள்” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் தப்பித்துக்கொள்ளச் சொன்னதா, கிண்டலாகச் சொன்னதா என்று தெரியாமல் விழித்தேன்.

கயிற்றுக்கு உண்மையில் ஆன செலவைச் சொன்னால் சிரிப்பாய். கயிறு, டம்ளர், பெயின்ட், நோட்டு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு நான்காயிரம் ரூபாய் தாண்டாது. நான்காயிரம் கேட்க எந்த வாசலும் இல்லை மாப்பிள்ளை. எல்லாப் படிவமும் லட்சத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கடைசியில் கிணற்றுக்காரர்கள்தான் கைகொடுத்தார்கள்: கிணற்றுக்கு மாதம் இரண்டு தேங்காய். அதை விற்றுப் புதுக் கயிறு வாங்கினோம். தலைமையாசிரியர், “தேங்காயை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?” என்று கேட்கிறார். நல்ல மனிதர், ஆனால் தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சர்க்கரை ஏறும்.

இந்த நிலையில்தான் அந்த இரண்டு பேர் வந்தார்கள். பெரிய கம்பெனிகள் மூன்று வருட லாபத்தின் சராசரியில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறதல்லவா, அந்தப் பணம். வாங்குகிற அமைப்புக்கும் பதிவு எண் வேண்டுமாம், அது நம்மிடம் இல்லை. தெரிந்த அறக்கட்டளை வழியாகத் தருகிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். கிணறு பார்க்க அழைத்துப்போனேன். ‘டப்’ சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருவர் போனில் இருந்தார். பிறகு இன்னொருவர் கேட்டார்: “பயனாளிகள் எத்தனை பேர்?” நாற்பத்தொரு கிணறு என்றேன். “பேர்?” என்றார். அளப்பது போட்டோவில் தெரியாது, ஆயிரம் மரக்கன்று நடலாம், விழிப்புணர்வு ஊர்வலம் வைக்கலாம், சுவரில் அளவு எழுதுகிற இடத்தில் எங்கள் பெயர் வரட்டும் என்றார்கள்.

மரம் நடுவதில் எனக்கு என்ன விரோதம்? ஆனால் கன்றுக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து ஊற்றுவது என்பதைத்தானே இந்தப் பிள்ளைகள் அளந்துகொண்டிருக்கிறார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். விழுங்கியதற்குக் காரணம் இருக்கிறது, அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் சர்வீஸ். பிள்ளைகளோ இரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள்; முடிச்சு போட்ட முதல் அணி போன மார்ச்சோடு போயாயிற்று. கேள்வி கேட்ட அந்தப் பெண் மட்டும் நர்சிங் சேரப் பணம் புரளாமல் வீட்டில் இருப்பதால் சனிக்கிழமைதோறும் வருகிறாள். நான் போன பிறகு அந்த நோட்டை யார் வைத்திருப்பார்கள்? கம்பெனியின் பெயர்ப் பலகை ஒன்று இருந்தாலாவது, அதற்காகவாவது யாராவது கயிறு இறக்குவார்களோ என்று ஒரு நப்பாசை. இரவு இரண்டு மணிக்கு இந்த யோசனை மிகவும் நியாயமாகப் படுகிறது. காலையில் பல் விளக்கும்போது அசிங்கமாகப் படுகிறது.

ஆகவே எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, ஐந்து லட்சத்தைத் திருப்பிவிட்டு, பன்னிரண்டாயிரம் மட்டும், மூன்று வருடத்துக்கு, பலகை இல்லாமல் கேட்டு ஒரு பக்க ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடு. வங்கியில் எழுதுவாயே, படித்து முடிக்கும்வரை மறுப்பென்றே தெரியாத மாதிரி. கேட்பது தவறென்று தோன்றினால் அதையும் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

இரண்டாவது, நாற்பத்திரண்டாவது கிணறு. உன் தாத்தா வெட்டியது. கேட் பூட்டி நான்கு வருடமாகிறது, பூட்டும் துருப்பிடித்துவிட்டது. சுற்றிலும் உள்ள மூன்று கிணறுகளில் அளவு இறங்க, நடுவில் உன்னுடையது எப்படி இருக்கிறதென்று பிள்ளைகள் வாரம் தவறாமல் மதிலுக்கு வெளியே நின்று கேட்கிறார்கள். மதில் ஏறிக் குதிக்கிறோம் என்றான் ஒருவன்; உன் பழைய வரலாறு அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது? கோயம்புத்தூர் அத்தையிடம் என்றால் சனிக்கிழமை காலை ஆறரைக்குள் வேலந்தாவளம் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்.

அன்புடன்,
பம்புசெட்டு