துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்த அக்காவுக்கு

மொசைக் பட்டறையை மறுபடியும் திறந்துவிட்டேன். நேற்று மாலை, முதல் கண்ணாடிச் சில்லை ஒட்டியபோது கை நடுங்கியது. இந்த நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

பட்டறைக்குள் தண்ணீர் புகுந்த அந்த இரவைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கண்ணாடிச் சில்லைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் சில்லுகளைப் பதித்து உருவாக்கும் பெரிய மொசைக் படங்களைக் காகிதத்தில் கவிழ்த்து ஒட்டித்தான் செய்கிறேன்: சில்லின் முகம் கீழே, முதுகு மேலே. சுவரில் கலவையில் பதித்ததும் காகிதத்தை நனைத்து உரிக்க வேண்டும் என்பதால், பசையும் தண்ணீரில் கரைவதுதான். கடைசி நாளில் என் கையால் தொட்டு நனைக்க வேண்டிய தண்ணீர், முன்னாலேயே வந்து தரையில் விரித்திருந்த 9 தாள்களையும் மூழ்கடித்துவிட்டது.

கூட்டி அள்ளிவிடலாம் என்று சொன்னது நான்தான். சுத்தம் செய்ய வந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "இது ஏதோ வரிசையா கிடக்கும்மா. கலைச்சா திரும்ப வராது" என்றார்.

அப்புறம் பழைய துணிகளை வைத்து ஒற்றி ஒற்றித் தண்ணீரை எடுத்தார். இழுக்கவில்லை, தேய்க்கவில்லை. பொழுது சாயும்வரை அதே வேலை. சில்லுகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்பதில்தான் மொசைக்கின் உயிர் இருக்கிறது. இத்தாலியர்கள் அதை அந்தமென்டோ என்பார்கள். எனக்கு அது பிடிபடவே சில வருடங்கள் ஆயின. அக்கா முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். 7 தாள்கள் பிழைத்தன. படமெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சில்லாகப் புதுக் காகிதத்துக்கு மாற்றி வருகிறேன்.

மின்விசிறிகள் கொண்டுவந்தவர்கள், கல்லாகிப்போன சிமென்ட் மூட்டைகளைச் சுமந்தவர்கள், குறடுகளின் துருவைத் தேய்த்து எண்ணெய் விட்டவர், கலந்துபோன நீலங்களைப் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொடுத்த மாணவிகள் (விளக்கொளியில் இரண்டு நீலம் ஒன்றாகத் தெரியும்), உங்கள் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. இனி ஒரு தாளைக்கூடத் தரையில் விரிக்க மாட்டேன். இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்தாயிற்று.

அக்கா, மூன்றாவது தாளில் பறவையின் கழுத்துக்குக் கீழே ஒரு வரிசை விரற்கடை அளவு நகர்ந்திருக்கிறது. நீங்கள் காப்பாற்றித் தந்தபடியே அதை விட்டுவைக்கப் போகிறேன். படம் சுவரில் ஏறும் நாளில் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அந்தக் காகிதத்தை உங்கள் கைதான் நனைக்க வேண்டும்.