அந்தத் தட்டைப் பாலிஷ் போடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பியூட்டர் தட்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது, கறுத்துப்போய்க் கிடக்கிறது, கடையில் கொடுத்து மெஷினில் பாலிஷ் போட்டு அக்காவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்யா. பாலிஷ் மட்டும் போட்டுவிடாதே.

மூன்றாவது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படி. தட்டின் அடிப்பக்கம், நடுப்பள்ளமும் விளிம்பும் சேரும் வளைவில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகச் சுற்றிப் போகின்றன பார், அது எங்கோ விழுந்து அடிபட்ட தழும்பு இல்லை. ஒரு மனிதன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டியது. பியூட்டர் என்பது வெள்ளீயம் பெரும்பங்காகக் கலந்த உலோகம், அச்சில் வார்த்தால் மெத்தென்று இருக்கும், அந்த வளைவில்தான் முதலில் வளையும், அதனால் லண்டன் கைவினைஞர்கள் நல்ல தட்டு என்றால் அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டி இறுக்கியே ஆகவேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பியூட்டர் பட்டறையில் பத்தொன்பது வருஷம் நான் பார்த்த வேலை அதுதானே. இரும்புக் கட்டைமேல் குவளையைக் கவிழ்த்து, ஒரு குழியின் ஓரம் அடுத்த குழியைத் தொடுகிற மாதிரி, ஒரே பலத்தில், ஒரே சத்தத்தில் தட்டிக்கொண்டே வரவேண்டும், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து ஒரு அடி ஆழமாக விழுந்துவிட்டால் அதை அழிக்க வழியே கிடையாது, திரும்ப உருக்கும் பானைக்குத்தான் போகும். நீ சின்னப் பிள்ளையில் என் மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிடுவாயே, அது இந்தத் தட்டலால் வந்த வலிதான்.

சரி, முத்திரைக்கு வருகிறேன். கிரீடம் வைத்த எக்ஸ் ஒன்று தெரிகிறது. அது உயர்ந்த ரக உலோகம் என்று சொல்லப் போடுவது. பக்கத்தில் பாதி தேய்ந்த வட்டம் இருக்கிறதே, அதுதான் செய்தவனுடைய சொந்த முத்திரையாக இருக்கும் என்று நினைக்கிறேன். லண்டனில் இந்தத் தொழிலுக்கு 1348-லேயே சட்டதிட்டம் வந்துவிட்டது. தட்டு, தாம்பாளம் எல்லாம் வெள்ளீயத்தில் செம்பு கலந்த உலோகத்தில்தான் செய்யவேண்டும், சில பானைகளுக்கு மட்டும் ஓரளவு காரீயம் சேர்க்கலாம். 1474-இல் நான்காம் எட்வர்டு மன்னர் லண்டன் பியூட்டர் கைவினைஞர் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். அதற்குப் பிறகு சங்கத்து ஆட்கள் ஊர் ஊராகக் கடைகளுக்குள் நுழைந்து சோதிக்கலாம், காரீயம் கூடுதலாகக் கலந்திருந்தால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். தனியாகக் கடை வைக்கிறவன் தன் முத்திரையைச் சங்கத்தின் பெரிய தகட்டில் அடித்துப் பதிந்துவிட வேண்டும், நாளைக்குத் தட்டில் குறை இருந்தால் யார் செய்தது என்று தெரிய. 1666-இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தபோது சங்கத்தின் மண்டபமும் பழைய தகடுகளும் போய்விட்டன. அதற்குப் பிறகு அடித்த ஐந்து தகடுகள் இன்னும் இருக்கின்றன. கணவன் இறந்தபிறகு பட்டறையைத் தாங்களே நடத்திய பெண்களும் அந்தத் தொழிலில் இருந்தார்கள், தம்பி. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இவ்வளவு செய்தும் பழைய தட்டு ஏன் குறைவாகத்தான் கிடைக்கிறது தெரியுமா? தேய்ந்தாலும் நசுங்கினாலும் கடையில் திருப்பிக் கொடுத்து உருக்கிப் புதிதாக வார்த்துக்கொள்வார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், பெரிய உலையே வேண்டாம். தாத்தா வீட்டு ஈயச்சொம்பு ரசம் வற்றியதும் அடுப்பிலேயே உருகி ஓடியதை நீ பார்த்திருக்கிறாய். உன் தட்டு எப்படியோ அந்தப் பானைக்குத் தப்பி வந்திருக்கிறது. மேல்பக்கம் தெரியும் கீறல்கள் எல்லாம் யாரோ கத்தியால் இறைச்சி வெட்டிச் சாப்பிட்டது. அதையுமா தேய்த்து எடுக்கப் போகிறாய்?

நீ இருக்கிற ஷெஃபீல்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1770 வாக்கில் அங்கே காரீயமே இல்லாமல், வெள்ளீயத்தோடு ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்த்து, மெல்லிய தகடாக உருட்டி, பிரிட்டானியா உலோகம் என்று கொண்டுவந்தார்கள். வார்ப்பும் சுத்தியலும் குறைந்தது. அதே காலத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் மலிவாக வந்து எல்லா மேசையையும் பிடித்துக்கொண்டது.

அந்த ஆங்கிலேயர்களின் வெள்ளீயம் அவர்கள் நாட்டுக் கார்ன்வால் சுரங்கத்தில் எடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து வெள்ளீயத்தில் பாதிக்குமேல் நம் மலாயாப் பக்கத்திலிருந்துதான் போனது, தாத்தா வேலை பார்த்த கம்பார் லம்பத்து (ஈயச் சுரங்கத்து) மண்ணும் அதில் சேர்த்திதான். 1885-இல் சீனாவின் சாந்தோவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த யோங் கூன் என்ற பையன் இங்கே பியூட்டர் தொழிலைத் தொடங்கினார். முதலில் சீனர் வீட்டுப் பூசைமேடைக்கு ஊதுபத்திக் கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு. அப்புறம்தான் வெள்ளைக்காரர்களுக்கு பீர் குவளை. மெருகு போட அப்போது ஒரு காட்டு இலைதான், 'கல் இலை' என்பார்கள், காயவைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நாங்கள் பட்டறையில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம். இப்போதைய பியூட்டரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் வெள்ளீயம், காரீயம் கிடையாது. உன் தட்டு பழையது, எக்ஸ் போட்டிருந்தாலும் நம்பாதே, அதில் புளிக்குழம்போ எலுமிச்சை ஊறுகாயோ வைத்துச் சாப்பிடாதே.

நான் தட்டிய குவளைகளில் கம்பெனி முத்திரை மட்டும்தான் இருக்கும். ஆனாலும் கண்ணாடி அலமாரியில் இருந்தால் என் வரிசையை நான் கண்டுபிடித்துவிடுவேன், பக்கத்தில் உட்கார்ந்து தட்டிய மெய் லிங் அக்கா வரிசை சற்றே வலப்பக்கம் சாயும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, மெத்தென்ற துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் காயவை, போதும். பிறகு காலை வெயில் சாய்வாக விழுகிற ஜன்னலோரம் கவிழ்த்து வைத்து அந்தப் பாதி தேய்ந்த வட்டத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதில் ஒரு எழுத்து 'டபிள்யூ' மாதிரி இருக்கிறது. மற்றதையும் படித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அம்மா