கலையரங்க மேடையின் முன்விளக்குகளைச் சரிசெய்து தரக் கோரும் மனு

பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்

அனுப்புநர்: காது கேளாதோரும் கேட்போரும் சேர்ந்து நடத்தும் நாடகக் குழுவினர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உழவர் சந்தைக்கு எதிரே உள்ள கலையரங்கம் தாங்கள் அறிந்ததே. சுதந்திர தினத்தன்று அந்த மேடையில்தான் பேசினீர்கள். அங்கே நாடகம் போடும் எங்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. பார்க்க வருபவர்களிலும் அப்படித்தான். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம்.

1. மேடையின் முன்விளக்குகள் எரிவதில்லை.

2. பின்சுவர் டியூப்லைட் மட்டும் எரிவதால் நடிப்பவர் வெறும் நிழலாகத் தெரிகிறார். கை அசைவது தெரியும். விரல் என்ன சொல்கிறது என்று தெரியாது. முகம் சுத்தமாகத் தெரியாது. சைகை மொழியில் கேள்வியா, சாதாரணப் பேச்சா என்பதைப் புருவம்தான் காட்டும். மேடை ஓரத்தில் நிற்கும் எங்கள் இன்னொரு நடிகர் அந்தச் சைகையைப் பார்த்துத்தான் வசனத்தைக் குரலில் சொல்கிறார். அவருக்கும் தெரியாவிட்டால் காது கேட்பவர்களுக்கும் நாடகம் நின்றுபோகும். போன நாடகத்தில் தாய் மகனைத் திட்டும் காட்சியில் முன்வரிசைக்காரர்கள் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தாயாக நடித்தவருக்குக் கண் கூசி, மகன் சொன்ன பதில் தெரியவில்லை. காட்சியைப் பாதியில் விட்டோம்.

3. மைக் செட் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. சரி, வரட்டும். வாயால் பேசும் நடிகர் இருட்டிலும் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவார். கையால் பேசுபவர் என்ன செய்வார்? விளக்கைக் கேட்டால், "உங்க ஆளுங்களுக்கு மைக்கே வேணாமே, செலவு மிச்சம்தானே" என்கிறார் அரங்கப் பொறுப்பாளர். ரசீதில் மைக்குக்கும் பணம் வாங்குகிறார்கள், விளக்குக்கும் வாங்குகிறார்கள். எரியாத விளக்குக்கு எதற்கு ஐயா வாடகை?

4. மாற்றுத்திறனாளி கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவு சொல்கிறது. தங்களுக்குத் தெரியாததா?

5. மேடைப் பலகையை எடுத்துவிட்டு டைல்ஸ் போடப்போவதாகக் கேள்விப்பட்டோம். தயவுசெய்து வேண்டாம். பறை அடித்தால் பலகை அதிரும். அந்த அதிர்வைக் காலில் வாங்கித்தான் எங்கள் நடிகர்கள் அடியெடுத்து வைக்கிறார்கள். இதை அப்புறம் நேரில் விளக்குகிறோம். முதலில் விளக்கு.

ஐயா, புது அரங்கம் கேட்கவில்லை, ஏ.சி. கேட்கவில்லை. முகத்திலும் கையிலும் விழும்படி முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் கேட்கிறோம். செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் தினத்தன்று எங்கள் அடுத்த நாடகம். அதற்குள் எலக்ட்ரீஷியனை அனுப்பி விளக்குகளை எரியவைக்குமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர்