காப்புநிலத்தைப் பார்த்த ஜன்னல்கள்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் எதையும் ஒட்டவோ தொங்கவிடவோ கூடாது என்ற விதியை, பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியான காப்புநிலத்தைப் பார்த்த வீடுகளுக்காவது தளர்த்துங்கள். அங்குள்ள மரங்களையும் பறவைகளையும் பார்க்கத்தான் அவ்வளவு பெரிய ஜன்னல் வைக்கிறோம். அதே கண்ணாடியில் மோதி அந்தப் பறவைகள் சாகின்றன.

பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், அறைக்குள் குறைவு. அதனால் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி போலாகி எதிரே உள்ள மரங்களைக் காட்டுகிறது. பறவைக்கு அது போய் அமரக்கூடிய கிளை. இரண்டு சுவர்கள் கூடும் மூலையில் உள்ள ஜன்னல் இன்னும் மோசம். ஒரு கண்ணாடி வழியே மற்றதும் அதற்கு அப்பாலுள்ள செடிகொடியும் தெரிவதால், நடுவில் தடை இருப்பதே புலப்படாது. மோதிய பறவை எழுந்து பறந்துவிட்டால் பிழைத்தது என்று நினைத்துவிடுகிறோம். உள்காயத்தோடு போய் மறைவில் இறப்பவை பல.

பருந்து உருவ ஸ்டிக்கர் ஒன்றிரண்டு ஒட்டிப் பயனில்லை. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வெற்றிடத்தில் பாயும். ஆகவே இடைவெளிதான் முக்கியம். குறைந்தது 6 மி.மீ. அகலமுள்ள புள்ளிகள், குறுக்கிலும் நெடுக்கிலும் 5 செ.மீ.க்கு ஒன்றாக, கண்ணாடி முழுக்க இருக்க வேண்டும். அவற்றை வெளிப்பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: உள்ளே ஒட்டினால், வெளிப்பரப்பில் விழும் பிம்பம் புள்ளிகளை மறைத்துவிடும்.

புள்ளி பிடிக்காதவர்கள் கயிறு கட்டலாம். 3 மி.மீ. தடிமனுள்ள கயிறுகளை மேல்சட்டத்திலிருந்து 10 செ.மீ. இடைவெளியில் ஜன்னலின் அடிவிளிம்பு வரை தொங்கவிட்டால் போதும். கீழ்நுனியைக் கட்ட வேண்டாம். காட்சி கெட்டுவிடும் என்ற கவலை வேண்டாம். தொலைவில் பதிந்த கண்ணுக்கு அருகிலுள்ள கயிறு மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடியைத் தொடாமல் வெளியே இழுத்துக் கட்டிய கொசுவலையும் நல்லதே. பறவைகளுக்கு நீர்த்தொட்டி வைப்பவர்கள் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள், வேகம் எடுக்க இடமிருக்காது. இல்லையேல் 10 மீட்டருக்கு அப்பால் தள்ளி வையுங்கள்.

இரவில் பொது விளக்குகள் நிலத்தை நோக்கி மட்டும் ஒளிரட்டும். ஒளி மேலே சிதறாமல் மூடியும், ஆள் நடமாடினால் மட்டும் எரியவைக்கும் அசைவு உணரியும் பொருத்துங்கள், ஒளியின் நிறம் 2700 கெல்வினுக்கு (மஞ்சள் சாயலுள்ள வெளிச்சம்) மேல் வேண்டாம். இரவில் வலசை போகும் பறவைகளை வெளிச்சம் இழுத்துத் திசை மாற்றுகிறது. வீட்டாரும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கண்ணாடியில் தங்கள் முகம் தெரியாது, நிலா வெளிச்சத்தில் காடு தெரியும்.

அடிபட்ட பறவை கிடைத்தால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். தண்ணீரோ உணவோ புகட்டக் கூடாது. தெளிந்தால் வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டால் வனவிலங்கு மீட்புக் குழுவிடம் ஒப்படையுங்கள்.

மூலை ஜன்னல்களுக்கு முதலில் அனுமதி கொடுங்கள். செயற்குழு கூடும்வரை வீட்டார் சோப்புக்கட்டியால் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் கோடுகள் போட்டு வைக்கலாம். மழை பெய்தால் மறுபடி போட வேண்டியிருக்கும்.