அந்த அட்டவணையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளிகளின் கற்றல் அடைவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வண்ண அட்டவணையெல்லாம் போட்டு அமர்க்களப்படுத்தியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரி: "இந்தப் பிள்ளைகளின் குடும்பப் பின்னணியை வைத்துப் பார்த்தால் இந்த மதிப்பெண்ணே அதிகம்." எங்களுக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் கட்டுரையாளர் நினைத்திருப்பார். அவருடைய பரிவுக்கு நன்றி.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இதே வசனத்தை ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். தனியார் பள்ளி வேன் ஓட்டுபவர் சொல்லியிருக்கிறார். சங்கடம் என்னவென்றால், எங்கள் ஆசிரியர்களிலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நீங்களும்.

சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோரின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் பள்ளியில் மேலே 'கூலி' என்று எழுதிவிட்டு, கீழே பக்கம் முடியும்வரை 'மேற்படி' குறி போட்டுக்கொண்டே போகலாம். அந்தக் கட்டத்தைப் பார்த்தே பிள்ளை எவ்வளவு வாசிக்கும் என்று சொல்லிவிடலாம் என்றால் எங்களுக்கு எதற்குச் சம்பளம்? சேர்க்கை அன்றே மதிப்பெண்ணும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாமே!

பொங்கலை ஒட்டிச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கும். சூளைக்கே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சேர்ப்போம். ஒருமுறை மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் சேர்ந்தாள். வரிசைக்கு இத்தனை கல், இத்தனை வரிசை என்றால் மொத்தம் எவ்வளவு என்று வாயாலேயே சொல்லுவாள். சக ஆசிரியை கரும்பலகையில் பெருக்கி முடிப்பதற்குள் இவள் விரலை மடக்கி நீட்டி விடையோடு நிற்பாள். ஆனால் தேர்வுத் தாள் தமிழில். கணக்குத் தாளிலும் வாக்கியத்தைப் படித்தால்தானே கணக்கு போட முடியும்? அநேகமாக வெறும் தாளைத்தான் கொடுத்தாள். அந்த வகுப்பில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளை என்பது 11 சதவீதம். மழைக்கு முன் சூளை நின்று அந்தக் குடும்பம் ஊர் திரும்பியதும், அடுத்த மதிப்பீட்டில் எங்கள் பள்ளி 'முன்னேற்றம்' கண்டது. பாராட்டுகூட வந்தது. உங்கள் அட்டவணையில் இருக்கும் சதவீதங்களில் எத்தனை இந்த மாதிரி ஏறி இறங்கியவையோ?

அப்புறம், தனியார் பள்ளியோடு ஒப்பீடு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகளில் சேர்க்கை தொடங்கும் வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு, கட்டணம் அரசுப் பொறுப்பு. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வருமானச் சான்று, சாதிச் சான்று என்று அலைந்து வாங்கி, இணையத்தில் விண்ணப்பிக்க நேரமும் ஆளும் உள்ள வீட்டுப் பிள்ளைதான் எல்.கே.ஜி.க்குப் போகும். ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது என்கிற வீட்டுப் பிள்ளை, அங்கன்வாடியிலிருந்து நேராக எங்களிடம் ஒன்றாம் வகுப்புக்கு வரும். அரசே பணம் கட்டி ஒரு பிள்ளையை அங்கே அனுப்பும், பிறகு அங்கே பார், இங்கே பார் என்று ஒப்பிட்டும் பேசும். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

பின்னணி இல்லவே இல்லை என்று நான் வாதாடவில்லை. பிள்ளை எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பின்னணி சொல்லும். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்பது எந்தக் குடும்பத்தின் பின்னணி? 60 பிள்ளைகள்வரை இரண்டு பேர் போதும் என்பது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போவார், வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போவார். மற்றவர் எமிஸ் என்னும் அரசின் பள்ளி விவரத் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டே, 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைத்துப் பாடமும் நடத்த வேண்டும். குடும்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் காலிப் பணியிடத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையாளர் அந்த வசதியைத்தான் செய்து கொடுத்திருக்கிறார்.

இது முதல் தடவையும் இல்லை. பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை அளக்கும் ஏசர் ஆய்வின் அறிக்கை பற்றி எழுதியபோது அரசுப் பள்ளி ஒன்றின் ஓடு உடைந்த கூரையைப் படமாகப் போட்டீர்கள். அந்த ஆய்வு கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுப்பது. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. பிறகு அரசுப் பள்ளியின் படம் மட்டும் ஏன் என்று எழுதிக் கேட்டேன். நான்கு வரியாக வெட்டி, "உங்கள் இதழ் அருமை" என்று நான் மரியாதைக்கு எழுதியதை மட்டும் பத்திரமாகப் போட்டீர்கள். ஜூன் மாதம் வந்தால் தனியார் பள்ளி விளம்பரத்துக்குத் தனி இணைப்பே வருகிறது, அதில் யாருடைய பின்னணியையும் யாரும் ஆராய்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே தேர்வு எழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கை, பணியில் இருக்கும் ஆசிரியர் எண்ணிக்கை என்று இரண்டு கட்டங்கள் கூடுதலாகச் சேருங்கள். இடம் போதாவிட்டால் வண்ணத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் பணியில் இருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். கடிதத்தை வெட்டுவதானால், ஆசிரியர் எண்ணிக்கை பற்றிய பத்தியை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, உங்கள் சந்தாதாரர்